களியும் டப்பாவும்

பருத்த உடம்பு ஒரு குற்றமா?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டால், "அப்படி யார் சொன்னது?" என்று எல்லாரும் மறுத்துவிடுவார்கள். ஆனால் மறுத்த மறு நிமிஷமே, எதிரில் மூச்சிரைக்கப் படி ஏறி வரும் ஓர் அம்மாளைப் பார்த்து, 'இவள் கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்கள். வாயைக் கட்டுவது, நாவை அடக்குவது - இவையெல்லாம் தவம் செய்கிறவர்களைப் பற்றி நாம் பேசும் சொற்கள். அவற்றை எடுத்து உடம்பின் எடைக்குப் பயன்படுத்தும்போதே தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம். மெலிந்தவர் அடக்கம் உள்ளவர்; பருத்தவர் அடக்கம் இல்லாதவர். தராசு முள் நிற்கிற இடத்தில் மனிதனுடைய குணமும் நிற்கிறது என்பது நம்முடைய எண்ணம்.

நம் பழைய கதைகளிலும் நாடகங்களிலும் பருத்த உடம்போடு வருகிறவர் பெரும்பாலும் வட்டிக்கடைக்காரராகவோ மிராசுதாராகவோ இருப்பார். அவருடைய தொந்தியே அவருடைய பேராசைக்குச் சாட்சி. எதிரே கைகட்டி நிற்கும் ஏழை எலும்பும் தோலுமாக இருப்பான். அன்று அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் இன்று ஒரு கதாசிரியன் அப்படியே எழுதினால் அது பொய்யாகிவிடும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மேற்பட்ட எடை உடையவர்கள். நூற்றுக்கு நாற்பது பேர் மிராசுதார்களாக இருக்க முடியாது அல்லவா? அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. அந்தப் பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தச்சோகை. ஆக, ஒரே தெருவில், ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே உடம்பிலேயே மிகுதியும் குறைவும் சேர்ந்து குடியிருக்கின்றன. உடம்பு பருத்திருக்கிறது, இரத்தம் வெளுத்திருக்கிறது.

இந்த விந்தையைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் ஓசூர்ப் பக்கம் போய் வரலாம். ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவின் கோடியில் இருந்த ஊர் அது. 1965-இல் தருமபுரி மாவட்டத்தோடு போயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு வந்தது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரம், குளிர்ந்த காற்று, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து பேசப்படும் எல்லைப்புறம். அங்கிருந்து ஒரு பஸ் பிடித்தால் சிறிது நேரத்தில் அத்திப்பள்ளி. அதற்கு அப்பால் கர்நாடகம். அரசாங்கம் போட்ட எல்லைக் கோட்டுக்கு இரு புறமும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றது ஒன்றே. இந்தப் பக்கம் அதற்குக் களி என்று பெயர். அந்தப் பக்கம் முத்தே என்று பெயர். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டித் துடுப்பால் கிண்டி, உருண்டை பிடித்து, அவரைக்கொட்டைக் குழம்பிலோ கொள்ளு ரசத்திலோ கீரைக் கடைசலிலோ தோய்த்து விழுங்குவார்கள். மெல்லுவது வழக்கமில்லை.

1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி செய்யும் ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை, கைக்கடிகார ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்போது கைப்பேசிக்கு உறுப்புகள் செய்கிறார்கள். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களுக்கு நடுவே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றில் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகும் பெண்கள் எத்தனை பேர்! பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் உண்டு. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் உண்டு. இந்த வாரம் காலை ஷிப்டு. அடுத்த வாரம் இரவு ஷிப்டு. வயிறு எந்த வேளையைத் தன் வேளை என்று கொள்ளும்?

அந்தப் பஸ்கள் நின்று போகும் சாலை ஓரத்தில் என்ன விற்கிறது என்று பாருங்கள். டீ, போண்டா, பரோட்டா, பொட்டலத்தில் அடைத்த நொறுக்குத் தீனி. அதற்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடி போட்ட கடை ஒன்றில், பெரிய பெரிய டப்பாக்கள். சில டப்பாக்களில் திரண்ட தோளுள்ள வாலிபனின் படம். சில டப்பாக்களில் கொடி போன்ற இடையுள்ள பெண்ணின் படம். மெலிந்த பையன் பருப்பதற்காக மாவு வாங்குகிறான். பருத்த பெண் மெலிவதற்காக மாவு வாங்குகிறாள். இருவரும் வாங்குவது பெரும்பாலும் பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ பிரித்த புரத மாவைத்தான். நிறமும் மணமும் வேறு, படம் வேறு. சென்ற தலைமுறையில் டானிக் பாட்டிலும் லேகிய டப்பியும் இருந்த அலமாரியில் இப்போது இவை இருக்கின்றன.

இதைக் கண்டு, "அடடா, நம் முன்னோர் தின்ற களியை விட்டுவிட்டு இந்தப் பாழாய்ப்போன டப்பாவைப் பிடித்துக்கொண்டார்களே!" என்று அங்கலாய்ப்பது சுலபம். அப்படி அங்கலாய்ப்பவர்கள் சொல்லும் கணக்கும் சரிதான். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் உண்மை அதோடு முடியவில்லை.

ஏழைகள் ஏன் களியைக் கைவிட்டார்கள்? அறியாமையாலா? இல்லை. களி ஏழ்மையின் சின்னமாக இருந்தது. அரிசிச் சோறு மரியாதையின் சின்னமாக இருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச் சோறு கண்ட குடும்பங்கள் இந்த மேட்டு நிலங்களில் எத்தனையோ இருந்தன. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால், களியை மறைத்து வைத்துவிட்டு அரிசி கடன் வாங்க ஓடிய தாய்மார்கள் இருந்தார்கள். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி மக்களின் மனத்தை அவ்வளவு ஆழமாகத் தொட்டது எதனால்? மூன்று படி கேழ்வரகு என்று சொல்லியிருந்தால் தொட்டிருக்குமா? 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கத் தொடங்கியது. ஒரு தலைமுறை கனவு கண்ட சோறு அடுத்த தலைமுறையின் தட்டில் தினமும் விழுந்தது. அவர்கள் வயிறு நிறைய உண்டதைப் பார்த்து, இன்று வயிறு நிறைந்த நாம், "களியே நல்லது" என்று உபதேசம் செய்கிறோம். அதுவும் எப்போது? கேழ்வரகு பிஸ்கட்டாகவும் அடையாகவும் மாறி, பெங்களூரில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கத் தொடங்கிய பிறகு!

மேலும், களி ஒன்றும் மந்திரப் பொருள் அல்ல. அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். ஏர் பிடித்தவன் உண்ட இரண்டு உருண்டைகளை, எட்டு மணி நேரம் நின்ற இடத்தை விட்டு நகராமல் சிறு திருகாணி பொருத்துகிறவன் உண்டால், அவனுக்கும் தொந்தி விழும். களியின் சிறப்பு களியில் மட்டும் இல்லை. அதனோடு வந்த அவரையும் கொள்ளும் கீரையும் அதன் சிறப்பு. அதற்கு முன்னும் பின்னும் இருந்த உழைப்பும் உறக்கமும் அதன் சிறப்பு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் புகழ்ந்தால், களியும் இன்னொரு டப்பாவாகிவிடும்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. களி கிண்டுவது யார்? கொதிக்கும் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, கட்டி தட்டாமல் துடுப்பைச் சுழற்றுகிற கை யாருடைய கை? பழைய உணவைப் புகழும் ஆண்களில் எத்தனை பேர் அந்தத் துடுப்பைத் தொட்டிருக்கிறார்கள்? இன்று அந்தக் கைக்கு உரியவள் இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புகிறாள். அவளிடம் போய்க் களியின் பெருமையைச் சொல்வது, அவளுடைய உறக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கேட்பதாகும். டப்பா அவளிடம் அப்படிக் கேட்பதில்லை. இரண்டு கரண்டி மாவு, ஒரு தம்ளர் தண்ணீர், அரை நிமிஷம். சத்தை விற்பதாகச் சொல்லிக்கொண்டாலும், அந்த டப்பா உண்மையில் விற்பது நேரத்தைத்தான். நேரம் இல்லாதவர்கள் அதை வாங்குகிறார்கள்.

டப்பாவில் இருக்கும் சத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் ஏறக்குறைய 50 கிராம் என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும். ஒரு பிடி நிலக்கடலை - 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம் - அதில் 12 கிராம். அதே அளவு பருப்பிலோ கொள்ளிலோ 11 கிராம். நாள் முழுவதும் உண்ணும் 300 கிராம் தானியத்திலிருந்து 20 கிராம். கணக்கு முடிந்துவிட்டது. முட்டை உண்ணாதவர்கள் பாலும் தயிரும் சேர்த்துக்கொண்டு, பருப்பையும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரிச் சந்தையில் கிடைக்காத பொருள் இதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கின் பின்னால் நம்மவர் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்த காலத்தில், 1918-இல், சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன் என்ற மருத்துவ விஞ்ஞானி. அதே 1918-இல்தான் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றிய சிறு ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவர் எடை பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் சோனியாக நின்றன. அந்தக் காலத்தில் எடை கூடுவதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு ஆராய்ச்சிச்சாலை வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. கோபாலன் அதன் தலைவராக இருந்தார்.

அவர் உழைத்த காலத்தில் உலகமெங்கும் ஒரே பேச்சு: ஏழை நாடுகளில் புரதப் பஞ்சம், புரதப் பஞ்சம் என்று. 1968-இல் ஐக்கிய நாடுகள் சபையே வரப்போகும் புரத நெருக்கடியைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. விசேஷப் புரத மாவுகள் செய்து ஏழைக் குழந்தைகளுக்கு ஊட்ட வேண்டும் என்று திட்டங்கள் எழுந்தன. கோபாலனும் அவரோடு இருந்தவர்களும் குழந்தைகளைப் பார்த்தார்கள். குழந்தைகள் உண்ணும் உணவை அளந்தார்கள். அரிசியும் பருப்பும் கலந்த சாதாரண வீட்டு உணவே வயிறு நிறையக் கிடைத்தால் பெரும்பாலும் புரதமும் போதிய அளவு கிடைத்துவிடுகிறது. வயிறு நிறையக் கிடைக்காததுதான் குறை என்று கண்டார்கள். மாவு இல்லாதது அல்ல, சோறு இல்லாததே நோய். 1974-இல் 'லான்செட்' என்ற ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் டொனால்ட் மக்லாரன் என்பவர் அந்தப் புரதப் பேச்சு முழுவதையும் ஒரு பெரிய தோல்வி என்றே எழுதினார். ஐம்பது ஆண்டுகள் போய்விட்டன. அன்று பசித்த குழந்தைக்கு வேண்டும் என்று சொன்ன மாவை, இன்று பசியாத பெரியவர்களுக்கு விற்கிறார்கள்.

அப்படியானால் மாத்திரையும் மாவும் முழு மோசமா? அப்படிச் சொன்னால் அது பெரிய அநியாயம். கருவுற்ற பெண்ணுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. உப்பில் சேர்த்த அயோடின் கழுத்துக் கழலையையும் மூளை வளர்ச்சிக் குறையையும் தடுத்திருக்கிறது. கண்பார்வை இழக்க இருந்த குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டம் 1970-இல் தொடங்கியதற்கு அடிப்படை, கோபாலன் காலத்து ஆராய்ச்சியே. ஆனால் பிற்காலத்தில் அவரே, அந்த மருந்தைக் காலமெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பதை எதிர்த்து வாதாடினார். கீரையும் காய்கறியும் குழந்தையின் தட்டுக்கு வந்து சேரும்வரை பிடித்துக்கொள்ளும் கோல் அது. கோலையே காலாக்கிவிடக் கூடாது என்பது அவருடைய கவலையின் சாரம். இருக்கும் குறையை அறிந்து, அளவறிந்து கொடுத்தால் அது மருந்து. இல்லாத குறையை இருப்பதாகப் பயமுறுத்தி விற்றால் அது வெறும் வியாபாரம். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உள்ள பத்துக் குறள்களில் பாதிக்கு மேற்பட்டவை, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியவை.

2024 மே மாதத்தில் அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு நெறிகளை வெளியிட்டது. உடம்பைத் திரட்டுவதற்காகப் புரத மாவு உண்பதைத் தவிர்க்கும்படி அதில் சொல்லியிருக்கிறார்கள். நெடுங்காலம் மிகுதியாக உண்டால் எலும்புச் சத்துக் குறையவும் சிறுநீரகம் கெடவும் கூடும் என்று எச்சரிக்கை. அதற்கு முந்தின மாதம், குழந்தைகள் பாலில் கலக்கும் சில பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வியாபாரிகளுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பெயரை நம்பிச் செலவைச் சுருக்கி வாங்கினார்கள். பெயர் போயிற்று, பானம் அலமாரியிலேயே இருக்கிறது.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மனத்திட்பம் இருந்தால் எடையை அடக்கிவிடலாம் என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

1944-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை தொடங்கினார். போரினால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக அது. 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். அவர்கள் யார்? மனிதனைக் கொல்ல மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரால் போருக்குப் போக மறுத்தவர்கள். மனத்திட்பத்துக்கு இவர்களைவிட வேறு யாரைக் காட்ட முடியும்? 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவு கொடுத்தார்கள். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் மனம் என்ன ஆயிற்று? பேச்சும் கனவும் உணவாகவே ஆயின. உலக சமாதானத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டார்கள். சோதனை முடிந்த பிறகோ, எவ்வளவு உண்டும் அடங்காத பசி பல வாரங்கள் அவர்களை ஆட்டிவைத்தது. சிறைக்கும் பழிச்சொல்லுக்கும் அஞ்சாத நெஞ்சம் பசிக்கு முன்னால் இப்படித் தடுமாறியது.

உடம்புக்கு அழகும் தெரியாது. டாக்டர் போட்ட கணக்கும் தெரியாது. ஆகாரம் குறைந்தால், பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் அதற்குத் தெரியும். உடனே செலவைச் சுருக்கும், பசியைப் பெருக்கும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாக ஒரு தம்ளர் மாவுக் கரைசல் குடித்தால் முதல் வாரங்களில் எடை விரைவாக இறங்குவது உண்மைதான். ஆனால் அதில் ஒரு பகுதி கொழுப்பே அல்ல. தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த சர்க்கரைச் சத்தும், அதனோடு சேர்ந்து நின்ற தண்ணீரும்தான். டப்பா தீர்ந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடையும் திரும்புகிறது. திரும்பும்போது, 'என் புத்தி சரியில்லை' என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்கிறாள். டப்பாவை நொந்துகொள்வதில்லை. அவள் தன்னை நொந்துகொள்வதில்தான் அடுத்த டப்பாவின் விற்பனை இருக்கிறது.

அந்தத் தராசாவது முழு உண்மையைச் சொல்கிறதா? 2004-இல் 'லான்செட்' பத்திரிகையில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். ஒருவர் புனே நகரத்து யாக்னிக். மற்றவர் இங்கிலாந்துக்காரர் யட்கின். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண் - 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லிதான். ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் நாட்டவரின் உடம்பு மெலிந்திருந்தாலும் உள்ளே கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. சர்க்கரை வியாதி பருத்தவர்களைத் தேடி மட்டும் வருவதில்லை. ஆகவே, தம் ஒல்லியான உடம்பைத் தம் ஒழுக்கத்தின் நற்சான்றாக எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள், பெருமையைச் சற்று ஒத்திவைத்துவிட்டு இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லை என்கிறீரா? பரோட்டாவை யாராவது கையைப் பிடித்து இழுத்து ஊட்டினார்களா?"

நியாயமான கேள்விதான். பொறுப்பு உண்டு. ஆனால் பொறுப்பு என்பது தேர்ந்தெடுக்கும் வசதியின் அளவுக்கே இருக்க முடியும். வீட்டில் நாலு காய்கறியும், சமைக்க ஆளும், உண்ண நேரமும், மாலையில் நடக்கப் பூங்காவும் உள்ளவர் தம் எடைக்குத் தாமே பொறுப்பு என்றால், ஒப்புக்கொள்ளலாம். விடுதியில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கி, யாரோ சமைத்ததை யாரோ குறித்த வேளையில் உண்டு, வாரம் தோறும் இரவைப் பகலாக்கும் பெண்ணிடம் அதே கணக்கைக் கேட்பது எப்படிப் பொருந்தும்? அவளுக்கு மீதியிருக்கும் சுதந்திரம் கையிலுள்ள சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாயைக் கொண்டு அவள் ஆரோக்கியத்தை வாங்கப் பார்க்கிறாள். கடைக்காரர் டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார்.

2021 டிசம்பரில், சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், ஒரு பெரிய ஆலையின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடுதி உணவை உண்டு அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். உட்கார்ந்தது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து போகும் பாதை அது. கூலி உயர்வுக்காக மறியல் செய்ததைக் கேட்டிருக்கிறோம். சோற்றுக்காக, அதுவும் நல்ல சோற்றுக்காக, சம்பளம் வாங்கும் பெண்கள் இரவில் தார்ச்சாலையில் உட்கார வேண்டி வந்தது. அவர்களில் யாராவது பருத்திருந்தால், யாராவது சோகை பிடித்திருந்தால், அதை அவர்களுடைய ஒழுக்கக் குறை என்று சொல்ல யாருக்கு நா எழும்?

ஆகவே பொறுப்பைப் பங்கு போடத்தான் வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவுச்சாலை வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 100 பேர் இருந்தாலே வேண்டும் என்கிறது. உணவுச்சாலை இருந்தால் மட்டும் போதாது. அங்கே இரவு ஷிப்டில் இருப்பவளுக்குச் சூடான பருப்பும் காயும் கிடைக்கிறதா, உட்கார்ந்து உண்ண நேரம் கிடைக்கிறதா என்பதே கேள்வி. அது ஆலைக்காரரின் பங்கு. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கான கேழ்வரகைத் தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர்களிடமே அரசு வாங்கியது. 1956-இல் மதிய உணவு. 2022-இல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு. இவை அரசின் பங்கு. இந்த வகையில் நம் மாநிலம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் குழந்தை வளர்ந்து ஆலைக்குப் போனதும் அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறதே என்று கவலைப்படலாம்.

வீட்டின் பங்கும் உண்டு. துடுப்பை ஆண்களும் பிடிக்கலாம். ஷிப்டு முடிந்து வருகிறவள் வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தால், அந்தக் குடும்பத்தின் ஆரோக்கியம் எந்த டப்பாவினாலும் கூடாத அளவுக்குக் கூடும். தனி மனிதனின் பங்கு என்று மீதியிருப்பதும் சிறிதல்ல. களைப்பாக இருந்தால் மாவு வாங்கும் முன் இரத்தத்தைச் சோதித்து, என்ன குறை என்று தெரிந்துகொள்வது, குறை இருந்தால் டாக்டர் சொன்ன மாத்திரையை வெட்கப்படாமல் உண்பது, குறை இல்லையென்றால் அந்தப் பணத்தில் நிலக்கடலையும் முட்டையும் கீரையும் வாங்குவது, கூடுமானவரை நடப்பது, கிடைக்கும் உறக்கத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்காமல் இருப்பது. இவ்வளவும் செய்த பிறகும் தராசு முள் இறங்காமல் போகலாம். போனால் போகட்டும். இரத்தம் சிவந்து, மூச்சு சீராகி, காலில் வலிமை வந்திருந்தால், அது முள் காட்டாத லாபம்.

இவற்றோடு நம் எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. படியேறி வரும் அம்மாளைப் பார்த்ததும் மனத்துக்குள் எழுதுகிற தீர்ப்பை எழுதாமல் இருப்பதுதான் அது. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், வீட்டில் எல்லாரும் உண்டபின் அவளுக்கு என்ன மிஞ்சியது என்று நமக்குத் தெரியாது. தெரியாத வழக்கில் நாம் நீதிபதியாக உட்கார வேண்டாம். அவளுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போடலாம்.